யாயின் நிலத்தைப் பற்றி மீனாவுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

லைன் ஆப்பில் நீ அனுப்பியிருந்த குரல் செய்தியை அம்மாவும் நானும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். உன் பாட்டி யாய்க்கும் போட்டுக் காட்டினோம். யாய் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு எருமைக் கொட்டில் பக்கம் போய்விட்டார். உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. யோசிக்க வேண்டியிருந்தால் இந்த ஊர்ப் பாட்டிகள் எல்லோரும் அப்படித்தான் எழுந்து போய்விடுவார்கள்.

நீ கேட்டது நியாயமான கேள்விதான். 15 ராய் நிலத்தில் வருஷம் முழுக்கக் கிடந்து உழைத்து என்ன மிஞ்சுகிறது, யூக்கலிப்டஸ்காரர் குத்தகைக்குக் கேட்கிறார் என்றால் கொடுத்துவிட்டு மூன்று பேரும் பாங்காக் வீட்டுக்கே திரும்பிவிட வேண்டியதுதானே என்கிறாய். போனில் பதில் சொல்லலாம் என்றால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் இன்னொரு வசதி, அம்மா படித்துவிட்டுத் திருத்தம் சொல்ல மாட்டாள்.

கணக்கு முதலில். 15 ராய் என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு ஏக்கர். அதில் 10 ராய் ஹோம் மாலி என்கிற வாசனை நெல், விற்பதற்கு. 5 ராய் ஒட்டரிசி, வீட்டுக்கு. ஹோம் மாலி ராய்க்கு 350 கிலோ கண்டால் இங்கே நல்ல விளைச்சல். தஞ்சாவூர்க்காரன் கேட்டால் சிரிப்பான், ஆனால் இது மானாவாரி, மணல் மண். உழவுக்கூலி, உரம், விதை, அறுக்கும் மிஷின் வாடகை எல்லாம் சேர்த்து ராய்க்கு 2000 பாட் தாண்டிவிடும். மிஷினிலிருந்து இறங்கும் ஈரநெல்லை அப்படியே கொடுத்தால் கிலோ 11, 12 பாட். ரோட்டோரம் நீல வலை விரித்து இரண்டு மூன்று வெயில் காயவைத்தால் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும் வருஷத்துக்கு 20,000 பாட் கையில் நின்றால் பெரிய விஷயம். சிங்கப்பூரில் உன் அறைக்கு நீ கொடுக்கிற ஒரு மாத வாடகைகூட வராது. சில வருஷங்களாக அரசாங்கம் ராய்க்கு 1000 பாட் என்று ஒரு வரம்பு வைத்துக் கொடுக்கிறது. அது எந்த வருஷம் நின்று போகும் என்று யாருக்கும் தெரியாது.

ஆக, உன் கணக்கு சரி. இந்த நிலம் லாபம் தருவதில்லை. ஆனால் இந்த நிலத்திலிருந்து வருவதில் பாதிக்கு மேல் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை, எந்த ரசீதிலும் வருவதில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அந்த 5 ராய் ஒட்டரிசியையே எடுத்துக்கொள். அறுத்த நெல் நேராகக் குதிருக்குள் போகிறது. அடுத்த அறுவடை வரை எங்கள் மூன்று பேருக்கும், விகாரைக்கும், ரயோங்கில் ஃபேக்டரி வேலையில் இருக்கும் உன் மாமா குடும்பத்துக்கும் அதுதான் சோறு. சொங்க்ரான் புத்தாண்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மாமா பிக்கப் வண்டியின் பின்னால் மூட்டை ஏற்றுவதை நீயே பார்த்திருக்கிறாய். இந்தச் சோறு உனக்குத் தெரியும், ஆனால் அது ஆகிற விதத்தை நீ பார்த்ததில்லை, எட்டு மணிக்குத்தானே எழுந்திருப்பாய்.

யாய் நாலு மணிக்கு எழுந்து, முதல் நாள் ராத்திரியே ஊறவைத்த அரிசியைக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டுவார். கழுத்து குறுகி வயிறு பருத்த அலுமினியப் பானையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். கூடை அதன் வாயில் கச்சிதமாக உட்காரும், மேலே ஒரு மூடி. அரிசியில் தண்ணீர் படாது, ஆவியில்தான் வேகும். பாதி வெந்ததும் கூடையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். மொத்தச் சோறும் ஒரே கட்டியாக எழும்பி, தலைகீழாகத் திரும்பி, மறுபடி கூடைக்குள் விழும். ஒரு பருக்கை வெளியே சிந்தாது. நான் முயற்சி செய்தபோதெல்லாம் கோழிகளுக்குத்தான் விருந்து. வெந்ததும் மரத்தட்டில் கொட்டி, மரத்துடுப்பால் பரப்பி, ஆவி போக விசிறி, உருட்டி, மூடியுள்ள மூங்கில் கூடையில் அடைத்துவிடுவார். சாயங்காலம் வரை காயாது. முதல் சோறு பிக்குகளுக்கு. விடிந்ததும் அவர்கள் வரிசையாகத் தெருவில் வர, யாய் வாசலில் மண்டியிட்டு ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு பிடி வைப்பார். அதற்கப்புறம்தான் எங்களுக்கு.

இந்தச் சோறுக்கு விலை போடச் சொன்னால் நீ கடை விலையைப் போடுவாய். சரி, போடு. ஆனால் வங்கிக் கடன் இருந்தபோதும், கோவிட் காலத்தில் மாமாவுக்கு வேலை நின்றபோதும், இந்த வீட்டில் யாரும் சோற்றுக்குக் கவலைப்பட்டதில்லை. அந்தக் குதிர் இருந்ததால்தான்.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டூர் திறந்தாச்சா என்று பேப்பரில் பார்த்து வளர்ந்தவன் நான். மாயவரத்தில் எங்கள் அப்பாவுக்கு வாய்க்கால் தண்ணீரில்தான் சண்டை. நாங்கள் இருக்கிற இந்தக் கசேத் விசைப் பக்கம் சண்டை போட வாய்க்காலே கிடையாது, வானம் பார்த்த பூமி. இந்த ஊர் இருக்கிற தூங் குலா சமவெளி தாய்லாந்தின் வடகிழக்கில் ஐந்து மாகாணங்களில் விரிந்து கிடக்கிறது: ரோய் எத், சூரின், யசோதோன், மகா சாரகாம், சிசகேத். எங்கு நின்று பார்த்தாலும் தட்டையான நிலம், நடுநடுவே வயலுக்குள்ளேயே நிற்கிற மரங்கள். மே மாதம் ஒரு மழை பெய்யும். விதைப்பார்கள். ஜூன், ஜூலையில் இரண்டு மூன்று வாரம் மழை மறைந்துவிடும், முளைத்தது கருகும். செப்டம்பரில் திடீரென்று கொட்டி, தாழ்வான வயலெல்லாம் மூழ்கும். ஒரே வருஷத்தில் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மனு எழுதிய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஹோம் மாலி இதற்கென்றே பிறந்த நெல். மே மாதம் விதைத்தாலும் சரி, கருகிப்போய் ஜூலையில் மறுபடி விதைத்தாலும் சரி, அக்டோபர் 20 வாக்கில்தான் பூக்கும். பகல் குறுகினால்தான் அதற்குக் கதிர் விடத் தோன்றும். நவம்பர் கடைசிக்குள் அறுவடை. நம் பழைய சம்பா ரகங்களுக்கும் இதே குணம் உண்டு, அதனால் வந்த புதிதில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாயிடம் தலை நிமிர்ந்து பேச முடிந்தது. பாங்காக்குக்குக் கிழக்கே சாசெங்சாவில் சேகரித்த கதிர்களிலிருந்து தேர்ந்தெடுத்து 1959இல் அரசாங்கம் வெளியிட்ட ரகம் இது. நாங்கள் சாப்பிடுகிற ஒட்டரிசி கோகோ 6 அதன் பிள்ளைதான், காமாக் கதிர் பாய்ச்சி உண்டாக்கியது, 1977இல் வந்தது. இந்தச் சமவெளியின் ஹோம் மாலிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தது. வறண்ட உவர் மண்ணில் கஷ்டப்பட்டு விளைவதால்தான் வாசனை கூடுகிறது என்று சொல்கிறார்கள், ஆராய்ச்சிக்காரர்களும் அதை ஒத்துக்கொள்கிறார்கள். வாசனைக்குப் பேர் வாங்கியது நெல், விலை வாங்கியது ஆலைக்காரர் என்பது வேறு விஷயம்.

அப்புறம், தராசில் ஏறாதவை. இப்போது முசுறு முட்டைப் பருவம். வரப்பு மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறதே, அந்தச் சிவப்பு எறும்பு. நேற்று அம்மா நீள மூங்கில் கம்பின் நுனிக்குக் கீழே கூடையைக் கட்டி, நுனியைக் கூட்டுக்குள் குத்தி ஆட்டினாள். பொலபொலவென்று வெள்ளை முட்டையும் எறும்புமாக விழுந்தது. மாவைத் தூவிப் புரட்டினால் எறும்புகள் பிடி விட்டு ஓடிவிடும். ஓடுவதில் பாதி என் கால் மேல்தான் ஓடியது, அது இருக்கட்டும். இந்த முட்டை ரோட்டுக் கடையில் கிலோ 300 பாட் வரை போகிறது. ஒரு கிலோ முட்டைக்கு 25 கிலோ நெல். இதை உன் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவாய்?

மே மாதம் முதல் பெருமழை விழுந்த ராத்திரி ஊரில் யாரும் தூங்க மாட்டார்கள். மண்ணுக்குள் மாதக்கணக்காக மறைந்திருந்த குட்டித் தவளைகள் ஒரே நேரத்தில் வெளியே வந்து கத்தும். பேச்சுக் குரலே கேட்காத அளவுக்குச் சத்தம். நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியோடு பாட்டிகளும் பேரப்பிள்ளைகளும் வயலில் இறங்கிவிடுவார்கள். இருட்டில் அங்கங்கே விளக்குகள் குனிந்து நிமிரும். மறுநாள் எல்லா வீட்டிலும் கொழுந்துப் புளியிலை போட்ட தவளைக் குழம்பு. நான் இன்னும் அதைத் தொடுவதில்லை, வாளி தூக்குவதோடு சரி. ஒரு வாரம் கழித்துக் காட்டோரத்தில் காளான். மண்ணுக்குள் உருண்டையாக இருக்கும் ஒரு ரகம் பருவத்தின் தொடக்கத்தில் இறைச்சியைவிட விலை அதிகம். பின்னால் புற்றுக்காளான். எது விஷம், எது உணவு என்று யாய் பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அம்மாவுக்கு முக்கால்வாசி தெரியும். உனக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. வருஷா வருஷம் தப்பான காளானைத் தின்று ஆட்கள் சாகிறார்கள், அதனால் இதைச் சும்மா சொல்லவில்லை.

வயலில் தண்ணீர் நின்றால் மடையில் பறி வைத்து விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை. மிஞ்சியதை உப்பும் தவிடும் சேர்த்து ஜாடியில் புளிக்க வைத்தால் வருஷம் முழுக்க ப்ளாரா. சிறு வயதில் நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய், இப்போது சிங்கப்பூரில் அது போட்ட பப்பாளிக்காய் சோம் தாம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறாயாம். வரப்பில் வேம்பு, அகத்தி, முருங்கை, வல்லாரை. வேப்பம்பூவை இவர்கள் இனிப்பு மீன் சாறு தொட்டுத் தின்பதைப் பார்த்த அன்றுதான் இந்த ஊரில் இருந்துவிடலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது. சீலோமில் கல் வியாபாரத்தில் இருந்த காலத்தில் மாரியம்மன் கோயிலைத் தவிர நம் ஊரை நினைவுபடுத்த பாங்காக்கில் எனக்கு எதுவும் இருந்ததில்லை.

யூக்கலிப்டஸ் விஷயத்துக்கு வருகிறேன். கேட்டு வந்தவர் மரியாதையானவர்தான், ஏமாற்றுகிற ஆள் மாதிரி தெரியவில்லை. நாலைந்து வருஷத்துக்கு ஒரு வெட்டு, வெட்டின பிறகு தானாகத் துளிர்க்கும், வேலையே இல்லை என்றார். உண்மைதான். அதற்காக வயலுக்குள் நிற்கிற மாமரங்களையும் அந்த இரண்டு பெரிய யாங் மரங்களையும் எடுத்துவிட வேண்டுமாம். பிறகு நிலம் திரும்பி வேண்டுமென்றால் வேர்க்கட்டைகளைத் தோண்டி எடுக்கிற செலவு நம் தலையில். குத்தகைப் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும் என்று குத்தகை முடிந்து நிலத்தை வாங்கியவர்கள் சொல்கிறார்கள். இன்னொன்று, இந்த மேட்டு நிலத்துக்கு அடியில் பாறை உப்பு இருக்கிறது. கோடையில் தாழ்வான பக்கத்தில் வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பாய். யாய் இளவயதில் அந்த மண்ணைச் சுரண்டி, கரைத்து வடித்து, காய்ச்சி உப்பு எடுத்தவர். காட்டை அழித்த இடங்களில்தான் உப்பு மேலே ஏறியது, நிலத்தடி நீரை இழுத்துக் கீழேயே வைத்திருக்க மரம் இல்லாததால். யூக்கலிப்டஸும் நீரை இழுக்கத்தான் செய்யும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை மொத்தமாக வெட்டி எடுத்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பா கிராமத்துப் பைத்தியமாகிவிட்டார் என்று நினைக்காதே. இங்கே இருப்பது சுகம் என்று நான் சொல்லவில்லை. ஏப்ரலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. கரும்பு வெட்டும் காலத்தில் தோகையைக் கொளுத்துகிற புகையில் யாய்க்கு ராத்திரி முழுக்க இருமல். நம் தெருவில் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் தேடினால் ஆள் கிடைக்காது. ரயோங், பாங்காக், தைவான், கொரியா. எதிர்வீட்டுப் பையன் இஸ்ரேலில் பழத்தோட்ட வேலையில் இருந்தான். 2023 அக்டோபரில் போர் வந்தபோது அவன் அம்மா போனைக் கையில் பிடித்தபடியே விகாரையில் உட்கார்ந்திருந்தாள். உயிரோடு திரும்பி வந்தான். அடுத்த வருஷமே மறுபடி கிளம்பிவிட்டான், வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறதாம். ஊரில் மிஞ்சியிருப்பது கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். ஆள் இல்லாததால் நடவு போய்த் தெளிவிதைப்பு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒருவர் வயலில் எல்லோரும் இறங்கி அறுத்துக் கொடுத்து, அடுத்த நாள் அடுத்தவர் வயலுக்குப் போவார்கள். இப்போது மத்திய சமவெளியிலிருந்து மிஷின்கள் ஊர் ஊராக வருகின்றன. நம் வயல் அரை நாளில் முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அதில் துளி வருத்தமும் இல்லை. குனிந்து அறுத்தவளுக்குத்தானே தெரியும் முதுகுவலி! அந்தக் காலம் அந்தக் காலம் என்று உருகுவதெல்லாம் என்னைப்போல வரப்பில் நின்று பார்த்தவர்கள்தான்.

அதனால் என் யோசனை இது. வடக்கு மேட்டில் இருக்கிற 3 ராய் எப்படியும் தண்ணீர் நிற்காத நிலம். அதைப் பக்கத்து வயல்காரர் மரவள்ளி போடக் கேட்கிறார். கொடுத்துவிடலாம். மரவள்ளி ஒரு வருஷப் பயிர், பிடிக்கவில்லை என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மீதி 12 ராய், மரங்கள், குளம் எல்லாம் யாய் இருக்கும்வரை அப்படியே இருக்கட்டும். விதைப்புக்கு முன்னால் வயல் மூலையில் இருக்கிற தா ஹேக் என்கிற வயல்தெய்வத்தின் மாடத்துக்குக் கோழி படைத்து, அதன் தாடை எலும்பைப் பார்த்து இந்த வருஷம் மழை எப்படி என்று சொல்கிறவர் அவர். போன வருஷம் சொன்னது தப்பாகத்தான் போனது. அவரிடம் அதைச் சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை. அவரைக் கொண்டுவந்து பாங்காக்கில் ஏழாவது மாடியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

ஆனால் முடிவு உன்னுடையதும்கூட. வெளிநாட்டுக்காரன் என்பதால் என் பெயரில் ஒரு சாண் நிலம்கூட இருக்க முடியாது. இந்தப் பக்கம் நிலம் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் வழியாகத்தான் இறங்குகிறது. யாய்க்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு நீ. சிவப்புக் கருடன் முத்திரை போட்ட அந்தப் பத்திரத்தை யாய் பாலித்தீன் பையில் சுற்றி அரிசிக் குதிருக்குள் வைத்திருக்கிறார், வங்கி லாக்கர் வேண்டாமாம். போன வாரம் விகாரையில் புன் பவெத் திருவிழா. வெஸ்ஸந்தர ஜாதகக் கதையின் பதின்மூன்று அத்தியாயமும் ஒரே நாளில் படித்து முடித்தார்கள், வீட்டுக்கு வீடு இடியாப்பம் மாதிரியான அந்தச் சேமியா. அன்று யாய் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேத்தி சொங்க்ரானுக்கு வருகிறாள், அவளிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். உன் செய்தியைக் கேட்ட பிறகும் அதே பேச்சுதான் என்று அம்மா சொல்கிறாள். அதனால் டிக்கெட்டைச் சீக்கிரம் போடு. ஏப்ரல் 12ஆம் தேதி ராத்திரி பாங்காக்கிலிருந்து பஸ்ஸில் இடம் கிடைக்காது, ரோய் எத்துக்கு விமானம் இருக்கிறது, அதில் வா.

உழவுக்கு டிராக்டர்காரரிடம் மே மாதத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். 12 ராயா, 15 ராயா என்று அவர் கேட்பார். மரவள்ளிக்காரரும் பதிலுக்குக் காத்திருக்கிறார். குத்தகை என்ன கேட்கலாம், எத்தனை வருஷத்துக்கு எழுதலாம் என்று நீ கணக்குப் போட்டு அனுப்பு. அதில் நீதான் கெட்டிக்காரி.

அன்புடன்,
அப்பா